பனைக்கு ஆறு பாட்டில்

1

இந்தக் கதை எனக்கு நல்ல வழியில் கிடைக்கவில்லை. ஒரு மனிதரைச் சந்தேகப்பட்டதில் கிடைத்தது. அதை முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன்.

செஸ்டர்ஃபீல்ட் என்ற ஆங்கிலேய ஊரில் ஒரு மருந்துக் கடையில் பத்தொன்பது வருடமாக நான் மருந்தாளர். போன வருடம் ஜனவரியில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கிளைவ் ஹாலம் உள்ளே வந்து ஹைட்ரஜன் பெராக்சைடு ஆறு பாட்டில் கேட்டார். சிராய்ப்பைக் கழுவுகிற மருந்து அது. ஒரு பாட்டில் ஒரு வீட்டுக்கு ஒரு வருடம் வரும். வெடிபொருள் செய்யவும் பயன்படும் என்பதால், யாராவது ஆறு கேட்டால் காரணம் கேட்க வேண்டும் என்பது எங்கள் கடை வழக்கம்.

"இத்தனை எதுக்குங்க?"

"பொண்டாட்டிக்குத்தான். உள்ள அழுகிப்போச்சு. அவளுக்குத் தெரியாது."

என் முகம் எப்படிப் போனதோ, அவர் அவசரமாகக் கையை ஆட்டினார்.

"ஐயையோ, பொண்டாட்டி இல்ல கண்ணு, பொண்டாட்டி மரம்! பனை! நடுக்குருத்து அழுகிப்போச்சு. அவ காதுக்குப் போகக் கூடாது. குடுப்பியா மாட்டியா?"

(இந்த ஊரில் அன்பாகக் கூப்பிட 'வாத்தே' என்பார்கள். அப்படியே எழுதினால் நீங்கள் சிரித்துவிட்டுக் கதையைக் கோட்டை விடுவீர்கள். அதனால் 'கண்ணு'.)

இரண்டு பாட்டில் கொடுத்தேன். மிச்சம் நாலை வேறு கடைகளில் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். ஆனால் போகவில்லை. கவுன்டரில் முழங்கையை ஊன்றி நின்றுகொண்டு எல்லாவற்றையும் சொன்னார். பின்னால் மூன்று பேர் வரிசையில் நின்றார்கள்.

2

தொடக்கம், முதல் முயற்சி: "கெய்னர் ஹாலம் முப்பது வருடம் பேருந்து ஓட்டியவள், பனி விழுந்த மேட்டிலும் வண்டியை நிறுத்தாத" [விட்டுவிட்டேன். அவளைப் பற்றி ஆரம்பித்தாலே வீராங்கனை ஆகிவிடுகிறாள். அவளுக்கு நல்ல கோபம் வரும், அடுத்தவர் பேச்சை முடிக்கவிட மாட்டாள்.]

இரண்டாவது முயற்சி: "குளிர் தேசத்தில் பனை வளர்ப்பது என்பது, ஒருவகையில்" [ஒருவகையிலும் இல்லை. கட்டுரை வேண்டாம்.]

இன்னொன்று. கடையில் கிளைவும் மனைவி கெய்னரும் எனக்கு 'நீங்க'தான், என்னைவிட இருபது வயது மூத்தவர்கள். ஆனால் இனிமேல் அவன், அவள் என்றுதான் எழுதப் போகிறேன். மரியாதை போட்டு எழுதினால் இரண்டு 'அவர்'களில் யார் யார் என்று நீங்கள் தேடிக்கொண்டிருக்க நேரும்.

சரி, நடந்தது. பதினான்கு வருடத்துக்கு முன்னால், கெய்னர் ஐம்பது வயதைத் தொட்ட வாரம், கார்ன்வாலில் ஒரு நாற்றுப்பண்ணையிலிருந்து தபாலில் ஒரு பொட்டலம் வரவழைத்தாள். உள்ளே ஒரு பேனா உயரத்துக்கு மூன்று இலை. சிலி நாட்டுப் பனை. அடிமரம் கண்ணில் தெரியவே இருபது வருடம் ஆகும். வேலிக்கு அந்தப்பக்கம் இருந்தவர் சிரித்தார்.

"இது மரமாகறப்ப நீ இருக்க மாட்டியேம்மா."

"நான் இல்லாட்டி என்ன, மரம் இருக்கும்ல?"

அந்த வீட்டுத் தோட்டத்தை நவம்பரில் பார்த்தால் ஆஸ்பத்திரி வார்டு மாதிரி இருக்கும். வாழைகளுக்கு வைக்கோல் கட்டு, மரப்பெரணிகளின் உச்சியில் திணித்த சருகு, பனைக்கு வெள்ளைத் துணிப் போர்வை. போர்வைக்குள் பழைய கிறிஸ்துமஸ் விளக்குச் சரம் ஒன்று. புது விளக்குகள் சூடாகாது என்பதால், சூடாகிற பழைய குண்டு பல்புகளாகத் தேடித்தேடிச் சேர்த்திருந்தாள். பனங்காட்டுப் பக்கத்திலிருந்து வந்தவள் நான். பனைக்குப் போர்வை போர்த்துகிற ஆளை இங்கேதான் பார்த்தேன்.

3

கிளைவ் கூரை வேய்கிறவன். நாற்பது வருடம் ஓட்டின் மேல் மண்டியிட்டு இரண்டு முட்டியும் போய்விட்டன. குளிர் வந்தால் மாடிப்படியில் உட்கார்ந்து உட்கார்ந்துதான் இறங்குவான். அவன் தம்பி நீல் ஸ்பெயினில் கடலோரமாகக் குடியேறியவன். வாரம் தவறாமல் படம் அனுப்புவான். படத்தில் வெயில் இருக்கும், நீலின் வெறும் கால் இருக்கும், பின்னால் பனை இருக்கும்.

என் கடைக்கு வருவதற்கு முந்தின அக்டோபரில் கிளைவ் பேச்சை எடுத்தான்.

"வீட்ட வித்துட்டுப் போயிரலாம் கெய்னர். பனைதான வேணும்? அங்க ரோட்டோரம் பூரா பனைதான்."

"அதான் வேணாங்கறேன். அங்க நாய் ஒண்ணுக்குப் போனாக்கூடப் பனை முளைக்கும். அதுல நான் செய்யறதுக்கு என்ன இருக்கு?"

"என் முட்டி?"

 பதில் இல்லாதபோது பந்தயம் கட்டுவது அவள் வழக்கம்.

"இந்தக் குளிர்ல என் பனை செத்துச்சுன்னா வீட்ட வித்துட்டு உன்கூட வரேன். பொழச்சா நீ இந்தப் பேச்சை எடுக்கவே கூடாது. கை குடு."

கை கொடுத்தான். இதை இருவருமே தனித்தனியாக என்னிடம் சொன்னார்கள். வார்த்தை மாறவில்லை.

4

டிசம்பர் இரண்டாவது வாரம் உறைபனி இறங்கியது. மைனஸ் ஒன்பது. இரண்டாம் நாள் காலை, போர்வையை இன்னும் இறுக்கிக் கட்டப் போன கெய்னர் தோட்டத்துப் படியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். ஆம்புலன்சில் ஏற்றும்போது அவள் கிளைவிடம் சொன்னது ஒரே வாக்கியம்: "வெளக்கை அணைச்சிராத."

இங்கே நான் மூன்று வாரம் சிக்கிக்கொண்டேன். முதல் பிரதியில் கிளைவ் விளக்கை அணைக்கவில்லை. நல்லவன். மருந்து, மரம், மனைவி, சுபம். படித்துப் பார்த்தால் மழையில் நனைந்த பிஸ்கட் மாதிரி இருந்தது. இரண்டாம் பிரதியில் அவள் ஆஸ்பத்திரியில் இருந்த ஒன்பது நாளும் அணைத்துவைத்தான், சிரித்துக்கொண்டே. அதை எழுதும்போது எனக்கு உற்சாகமாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்தக் கிளைவ் ஆறு பாட்டில் மருந்துக்குக் கடை கடையாக அலையமாட்டான்.

அவன் என்னிடம் சொன்னது இதுதான்.

"திங்கக்கெழமை அணைச்சேன். புதன்கெழமை போட்டேன். ரெண்டு நாள்."

"ஏன் அணைச்சீங்க?"

"அன்னைக்குப் படியில எறங்கவே அரைமணி ஆச்சு. நீல் படம் அனுப்பிருந்தான். அவ்வளவுதான். பெரிசா யோசிச்செல்லாம் செய்யல."

"அப்புறம் ஏன் போட்டீங்க?"

"தெனம் ஆஸ்பத்திரியிலேருந்து போன் பண்ணுவா. வெளக்கு எரியுதான்னு கேப்பா. எரியுதும்பேன், வச்சிருவா. புதன்கெழமை வெளக்கப் பத்திக் கேக்கவே இல்ல. 'முட்டி எப்படி இருக்கு, சாப்ட்டியா, படியில பாத்து எறங்கு'ன்னா. எனக்கு..."

அந்த வாக்கியத்தை அவன் முடிக்கவில்லை. நானும் முடித்துவைக்கப் போவதில்லை.

5

ஜனவரியில் பனி விட்டதும் போர்வையைப் பிரித்துப் பார்த்திருக்கிறான். இலைகள் பச்சையாகவே இருந்தன. நடுக்குருத்தைப் பிடித்து லேசாக இழுத்தான். வெண்ணெயிலிருந்து கத்தி வருவதுபோல் கையோடு வந்துவிட்டது. அடியில் பழுப்பாக, நாற்றமாக. குருத்து போன பனை பெரும்பாலும் போனதுதான்.

ஆக, அவன் பந்தயத்தில் ஜெயித்துவிட்டான். கெய்னர் கைத்தாங்கலோடு வீட்டுக்குள்தான் நடக்கிறாள். ஜன்னலிலிருந்து பார்த்தால் மரம் பச்சையாகத் தெரியும். அவன் ஒன்றுமே செய்ய வேண்டாம். கோடை வரை சும்மா இருந்தால் போதும்.

அதை நானே அவனிடம் கேட்டேன். என் வேலைக்கு அது தேவையில்லாத கேள்விதான்.

"சும்மா விட்டிருந்தா ஸ்பெயின் போயிருக்கலாமே?"

"போயி? அங்க பால்கனியத் தொறந்தா பனை. கடைக்குப் போற வழியில பனை. சாகற வரைக்கும் தெனம் அதுங்க மொகத்துல முழிக்கணுமே கண்ணு."

தோட்டக்காரர்களிடம் விசாரித்து வந்திருந்தான். குருத்து இருந்த குழியில் பெராக்சைடை ஊற்ற வேண்டும், நுரைக்கும், அழுகல் மேலே வரும், துடைத்து எடுத்துக் காயவிட வேண்டும், மழை உள்ளே இறங்காமல் குடை கட்ட வேண்டும். வாரம் இருமுறை.*

* இது மருந்தாளராக நான் சொல்லும் யோசனை இல்லை. மரம் எங்கள் நோயாளியும் இல்லை. அதனால்தான் இந்த ரகசியத்தை எழுத முடிகிறது. பெயர்களை மாற்றிவிட்டேன். முட்டியை மாற்றவில்லை.

6

பிப்ரவரி, மார்ச். மண்டியிட முடியாதவன் மரத்தடியில் மண்டியிட்டான். கெய்னர் கிளைவோடு கடைக்கு வரும் அளவுக்குத் தேறியபோது, அவன் காரை நிறுத்தப் போன இடைவெளியில் என்னிடம் பெருமை அடித்துக்கொண்டாள்.

"முப்பத்தஞ்சு வருஷமா என் செடிக்கு ஒரு சொம்பு தண்ணி ஊத்தினவன் இல்ல. இப்பப் பாரு, குடை கட்டறான், தொடைக்கறான். கேட்டா 'சும்மா தூசி'ங்கறான். விழுந்தது நான், மண்டையில அடிபட்டது அவனுக்குப் போல."

நான் மாத்திரை எண்ணுவதுபோல் குனிந்துகொண்டேன்.

[இங்கே ஒரு பத்தி இருந்தது. பொய்யும் அன்பும் பற்றி. எடுத்துவிட்டேன்.]

ஏப்ரலில் குழிக்குள் மங்கலாக ஒரு பச்சை முனை தெரிந்ததாம். உயிருள்ளதா, பழைய தண்டின் மிச்சமா என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. முனையிலும் பக்கத்து மட்டையிலும் சேர்த்துப் பேனாவால் ஒரே கோடு போட வேண்டும். கோடு விலகினால் மரம் வளர்கிறது. வாராவாரம் வந்தான். "ஒண்ணுமில்ல." அடுத்த வாரம்: "ஒண்ணுமில்ல." அதற்கடுத்த வாரம் வாசலிலேயே கையை விரித்துக் காட்டிவிட்டுப் போனான்.

மே மாதம் ஒரு வியாழக்கிழமை கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான். வரிசையில் ஏழு பேர். எல்லார் தலைக்கும் மேலாகக் கத்தினான்.

"நாலு மில்லிமீட்டர்!"

காதுக்குச் சொட்டு மருந்து வாங்க வந்த கிழவர் என்னைக் கேட்டார்: "கொழந்தையா?"

"பனை" என்றேன்.

"ஓ" என்று தலையாட்டினார், புரிந்ததுபோல.

7

ஜூலையில் கெய்னர் தடி ஊன்றித் தனியாக உள்ளே வந்தாள். கிளைவ் வெளியே காரில் இருந்தான். கைபேசியில் ஒரு படத்தை நீட்டினாள். புது இலை விரிந்திருந்தது. நுனி மட்டும் கத்தரிக்கோலால் நேராக வெட்டியதுபோல் மொட்டையாக.

"இது எப்ப இப்படி வரும் தெரியுமா?"

"தெரியாதுங்க." (தெரியும்.)

"குருத்து அழுகி விழுந்து, அடியிலேருந்து மறுபடி வந்தா. என் மரத்துக் குருத்து விழுந்தது எனக்கே தெரியல. வெளக்கு எரிஞ்சிருந்தா விழுந்திருக்காது. அவன் வாராவாரம் இங்க எதுக்கு வரான்?"

"முட்டி வலிக்கு."

"அந்தச் சீட்டு மாசத்துக்கு ஒண்ணு. நான்தான் எடுத்து வைக்கறேன்."

"நான் சொல்லக் கூடாதுங்க."

"சரி, சொல்லாத." தடியை மாற்றிப் பிடித்தாள். "சொல்லிட்ட."

வெளியே போய்க் காரில் ஏறினாள். கார் கிளம்பவில்லை. கண்ணாடி ஏறியிருந்தது. கடைக் கடிகாரப்படி பதினொரு நிமிடம். நான் பார்த்தது இவ்வளவே: கிளைவ் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தான். கெய்னர் அவனைப் பார்க்காமல் நேராகச் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், பேருந்து ஓட்டுகிறவள்போல. பிறகு அவள் கை நீண்டது. அறையவா, அந்தத் தொப்பியை எடுக்கவா என்று தெரிவதற்குள் ஒரு லாரி குறுக்கே வந்து நின்றது.

(லாரி கதைக்காக வைத்தது இல்லை. எதிர்க்கடைக்குப் பால் இறக்க வந்தது.)

லாரி நகர்வதற்குள் கெய்னர் மறுபடி உள்ளே வந்துவிட்டாள். கண் சிவந்திருந்தது. குரல் எப்போதும்போல.

"வெயிலுக்குப் பூசற கிரீம் ஒண்ணு குடு. இருக்கறதுலயே கெட்டியா."

"எங்க போறீங்க?"

"நீல் வீட்டுக்கு. வர்ற ஜனவரி, பிப்ரவரி, ரெண்டு மாசம். அவன் முட்டிக்கு அவ்வளவுதான் தேவை. வீடு இங்கதான். விக்க மாட்டேன்."

"அப்ப பந்தயம்?"

"பந்தயத்துல நான்தான் ஜெயிச்சேன். மரம் உசுரோட இருக்குல்ல? ஜெயிச்சவ எங்க வேணாலும் போவா."

"பனையை யாரு பாத்துக்கறது?"

அவள் என்னையே பார்த்தாள். அவள் பார்வையைப் புரிந்துகொள்ள எனக்கு வெட்கக்கேடான அளவு நேரம் பிடித்தது.

"ஆறு மாசமா எல்லாத்தையும் கேட்டு வச்சிருக்கல்ல? செய்யி" என்றாள்.

8

இதை எழுதும்போது பிப்ரவரி. அவர்கள் வீட்டுச் சாவி என் பையில். வெளியே மைனஸ் ஆறு. காலையில் வேலைக்கு முன்னும் மாலையில் வேலைக்குப் பின்னும் போய் விளக்குச் சரத்தைத் தொட்டுப் பார்க்கிறேன், சூடு இருக்கிறதா என்று. என் வீட்டில் தொட்டிச் செடிகூட நான் வளர்த்ததில்லை.

நேற்று ஸ்பெயினிலிருந்து கெய்னர் ஒரு படம் அனுப்பினாள். கடற்கரைச் சாலை, வரிசையாகப் பனைகள். அவள் அவற்றுக்கு முதுகைக் காட்டி நிற்கிறாள். முன்னால் ஒரு தொட்டியில் ருபார்ப். உறைபனி பட்டால்தான் ஒழுங்காகத் தண்டு விடும், இந்தக் குளிர் ஊர்க் கொல்லைகளில் புளிப்பாக வளருமே, அது. எங்கே பிடித்தாளோ. தொட்டி மண்ணின் மேல் ஐஸ் கட்டிகளை அடுக்கிக்கொண்டிருக்கிறாள். பக்கத்தில் கிளைவ் அரைக்கால் சட்டையோடு, ஐஸ் தட்டைப் பிடித்தபடி. படத்தின் கீழே: "இங்க எல்லாரும் சிரிக்கறாங்க. பாப்போம்."

கதை முடிந்துவிட்டது, ஒரு பகுதி தவிர. காருக்குள் நடந்த அந்தப் பதினொரு நிமிடம். ஐந்து தடவை எழுதினேன். ஒன்றில் கிளைவ் தானாகச் சொன்னான். ஒன்றில் கெய்னர் கேட்டாள். ஒன்றில் இருவரும் பேசவே இல்லை. இன்னொன்றில் அவள் பந்தயத்தில் தோற்றுவிட்டதாக ஒத்துக்கொண்டாள், குருத்து செத்தது செத்ததுதானே என்று. ஐந்தாவது எனக்கே பிடித்திருந்தது, அதனால் கிழித்துவிட்டேன்.

அதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். கண்ணாடி ஏறியிருக்கிறது, தொப்பி மடியில் இருக்கிறது, முதலில் வாய் திறப்பது யார் என்று முடிவு செய்துவிட்டால் மற்றது ஓடிவிடும். எனக்கு நேரமில்லை. இன்று மைனஸ் எட்டுக்கு இறங்குமாம். இருட்டுவதற்குள் போய் இன்னொரு போர்வை