இளையவள் முதலில்

குச்சியின் நுனியில் இருந்த ஈரப் பஞ்சால் அப்பாவின் உதட்டை ஒற்றிக்கொண்டிருந்தாள் லிண்ட்ஸி. மடியில் போன் அதிர்ந்தது. அலுவலகத்திலிருந்து மேலதிகாரி கிரஹாம். திங்கட்கிழமை புதுப் பயிற்சி தொடங்குகிறது, பதினொரு நீதிமன்றங்களுக்கும் ஒரே நாளில். எடுக்காமல் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"எடும்மா. நான் எங்கயும் ஓடிடப் போறதில்ல," என்றார் நார்மன் ஹோல்ராய்ட். குரல் பாதி காற்றாகத்தான் வந்தது.

"அவருக்கு வேற வேலை இல்லப்பா."

முன்னறையில் சோபாவை அப்புறப்படுத்தி, ஆஸ்பத்திரிக் கட்டிலைப் போட்டுப் பதினாறு நாள் ஆகிறது. கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவே ஒரு நாற்காலிக்குத்தான் இடம். அதில் உட்கார்ந்தவர் எழுந்து போக வேண்டுமானால் யாராவது வந்து கட்டிலை நகர்த்த வேண்டும். லிண்ட்ஸி காலையிலிருந்து அதில்தான் உட்கார்ந்திருந்தாள்.

நார்மன் பஸ் டிப்போவில் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அதோடு முப்பத்தொரு வருஷம் கௌரவ மாஜிஸ்திரேட். சம்பளம் கிடையாது. டிப்போவில் லீவு போட்டுவிட்டு, இருந்த ஒரே நல்ல கோட்டை மாட்டிக்கொண்டு, கடையில் திருடியவர்களையும் குடித்துவிட்டு வண்டி ஓட்டியவர்களையும் விசாரிக்கப் போவார். பெஞ்சில் மூன்று பேர். மூவருமே சட்டம் படித்தவர்கள் இல்லை, அதனால் பயிற்சிதான் எல்லாம். புதிதாக வருகிறவர்களுக்கு சனிக்கிழமை பத்து மணிக்கு அவர்தான் வகுப்பு எடுப்பார்.

அந்த வகுப்பில் அவர் விடாப்பிடியாகச் சொல்லும் விஷயம் ஒன்று உண்டு. மூவரும் தனியறைக்குப் போய் முடிவெடுக்கும்போது, பெஞ்சுக்குக் கடைசியாக வந்தவர்தான் முதலில் வாயைத் திறக்க வேண்டும். பெரியவர் முதலில் பேசிவிட்டால் சின்னவர் ஆமாம் சாமி போட்டுவிடுவார். சின்னவர் பேசும்போது மற்ற இருவரும் தலையைக் குனிந்து மேஜையைப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் அவர்கள் முகத்திலிருந்தே அவர் பதிலைப் படித்துவிடுவார். சொன்னதற்குக் காரணமும் சொல்லியாக வேண்டும்.

வீட்டிலும் இதே சட்டம்தான். என்ன மனுஷனோ! லீவுக்கு எங்கே போவது, நாய்க்கு என்ன பேர் வைப்பது, எதுவானாலும் எட்டு வயது லிண்ட்ஸிதான் முதலில். அப்பாவும் அம்மாவும் தலையைக் குனிந்துகொள்வார்கள். அவள் கேட்டாள் என்று ஃபைலி கடற்கரைக்குப் போனார்கள். ஏழு நாளும் மழை கொட்டித் தீர்த்தது. ஒருவரும் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. மழையைக்கூடப் பொறுத்துக்கொண்டாள், அதைத்தான் தாங்க முடியவில்லை.

அப்படி வளர்ந்தவளுக்கு வாய்த்த வேலையைப் பாருங்கள். சனிக்கிழமை வகுப்புகளை எல்லாம் மூடிவிட்டு, பயிற்சியைக் கம்ப்யூட்டர் பாடமாக மாற்றுகிறார்கள். ஊர் ஊராகப் போய்ப் பழைய பயிற்சியாளர்களைச் சம்மதிக்க வைப்பது லிண்ட்ஸியின் பொறுப்பு. போன இடமெல்லாம் ஒரே கேள்வி: "உங்கப்பா என்ன சொல்றாரு?" கடைசியில் அப்பாவையே காமிரா முன் உட்கார வைத்துப் பாடத்தில் பேச விட்டாள். நார்மனே ஒத்துக்கிட்டாரா என்று பதினொரு ஊரும் அடங்கிப்போயின. அவர் போட்டது ஒரே நிபந்தனை.

"இளையவர் முதல்ல. அது மட்டும் இருக்கணும். மிச்சத்தை நீ என்ன வேணா பண்ணிக்கோ."

கிரஹாம் ஒத்துக்கொள்ளவில்லை. "வீட்டுல தனியா உட்கார்ந்து பட்டனை அழுத்தறவங்களுக்கு முதல்ல யாரு, ரெண்டாவது யாரு? நாலு நிமிஷத்துக்கு மேல ஒரு விநாடி ஆகக் கூடாது." நாற்பது விநாடி அதிகம் இருந்தது. லிண்ட்ஸிதான் வெட்டினாள். இளையவர் முதலில் என்று அப்பா சொன்ன பேச்சு போய்விட்டது. எப்படி என்று செய்து காட்ட அவர் தலையைக் குனிந்தது மட்டும் மிஞ்சிவிட்டது. இப்போது பார்த்தால், மனுஷன் எதற்கோ வெட்கப்பட்டுக் குனிகிற மாதிரி இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை அவர் கேட்டார், "அது இருக்குல்ல?"

"இருக்குப்பா," என்றுவிட்டாள். சாகப் போகிறவரிடம் வேறு என்ன சொல்வது!

இன்று வியாழன். பஞ்சை விலக்கச் சொல்லிக் கையைக் காட்டினார்.

"லிண்ட்ஸி, எங்கிட்ட ஏதாச்சும் சொல்லணுமா?"

"என்னத்தப்பா?"

"ஏதாச்சும்."

"ஒண்ணுமில்லப்பா."

அதற்குள் நர்ஸ் கோலெட் வந்துவிட்டாள். பின்னாலேயே அம்மா ப்ரெண்டா, ஈரக் கையைத் துண்டில் துடைத்தபடி. கோலெட் கட்டில் ஓரமாகக் குனிந்து நிதானமாகச் சொன்னாள்.

"மருந்து விட்டுவிட்டுக் கொடுக்கறதுக்குப் பதிலா, சின்ன மெஷின் வெச்சு நிக்காம ஏத்தலாம் மிஸ்டர் ஹோல்ராய்ட். வலி அடங்கிடும். ஆனா தூங்கிடுவீங்க. அப்புறம் எழுந்து பேசுவீங்கன்னு என்னால சொல்ல முடியாது. வேண்டாம்னா இப்ப மாதிரியே ஓட்டலாம். இன்னும் ஒரு நாள், ரெண்டு நாள் பேசலாம். வலியோடதான்."

"பெஞ்சு கலந்து பேசணும்மா. நீங்க சமையலறையில இருங்க. மேல் தட்டுல பிஸ்கட் டப்பா ஒளிச்சு வெச்சிருக்கா இவ."

"இந்த நேரத்துலயும் என்னைக் காட்டிக் கொடுக்கணுமா?" என்றாள் ப்ரெண்டா. சிரித்துக்கொண்டே ஆரம்பித்தவள் கடைசி வார்த்தையைத் துண்டுக்குள் சொன்னாள். கோலெட் கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

"ம். இளையவ முதல்ல."

"அப்பா, இது உங்க உடம்பு. நீங்க சொல்லுங்க."

"நான் சொன்னா ரெண்டு பேரும் தலையாட்டிடுவீங்க. நீ சொல்லு."

அவர் தாடையை நெஞ்சில் இறக்கிக்கொண்டார். ப்ரெண்டா கட்டில் கம்பியைப் பார்த்தாள். லிண்ட்ஸியின் முழங்கால் கட்டிலில் இடித்தது, முதுகு ஜன்னலில் இடித்தது. வேண்டாம் என்றால் அவர் வலியில் முனகுவார். நடுநடுவே அந்தக் கேள்வியைக் கேட்பார். தூங்கிவிட்டால் இரண்டும் இல்லை. எதற்காகத் தன் வாயில் இந்தப் பதில் வருகிறது என்று பிரித்துப் பார்க்க முயன்றாள். பிரிக்க முடியவில்லை. பயமாக இருந்தது.

"மெஷின் வெச்சுடலாம்ப்பா."

"காரணம்?"

"உங்களுக்கு வலிக்குது."

அவர் தலையைத் தூக்கவில்லை.

"வேற?"

"வேற ஒண்ணுமில்ல."

"சரி. ப்ரெண்டா?"

"அவ சொன்னதுதான்."

"எனக்கும் அதான். மூணு பேரும் ஒரே முடிவு." தலையைத் தூக்கி மகளைப் பார்த்தார். கோபம் இல்லை. கட்டை விரலால் அவள் மணிக்கட்டை இரண்டு தரம் தட்டினார். "கோலெட்டைக் கூப்பிடு. பிஸ்கட்டைத் தீர்த்துடப் போறா."

சனிக்கிழமை காலை பத்தே காலுக்கு மூச்சு நின்றது. வியாழனுக்குப் பிறகு அவர் பேசவே இல்லை.

திங்கட்கிழமை புதுப் பயிற்சி சொன்னபடி தொடங்கியது. ஆறுதல் சொல்லி கிரஹாம் செய்தி அனுப்பினார். கூடவே இன்னொரு வரி: உங்கப்பா தலை குனியற இடம் எல்லாருக்கும் பிடிச்சிருக்காம், என்ன பணிவுன்னு சொல்றாங்களாம்.

இறுதிச் சடங்கு நடக்க, அந்த ஊர் வழக்கம்போல, மூன்று வாரம் ஆனது. தகன மண்டபத்திலிருந்து திரும்பியதும் புல்தரையில் பந்து உருட்டி ஆடும் பௌல்ஸ் கிளப்பின் கூடத்தில் தேநீரும் சாண்ட்விச்சும். டிப்போக்காரர்கள் ஒரு பக்கம், மாஜிஸ்திரேட்டுகள் ஒரு பக்கம். கோட்டுகள் மாட்டியிருந்த மூலையில் ஸமீனா லிண்ட்ஸியைப் பிடித்துக்கொண்டாள். மருந்துக் கடை வைத்திருப்பவள். நார்மன் பழக்கிவிட்ட கடைசி மாஜிஸ்திரேட்.

"உங்ககிட்ட சொல்லலாமா வேண்டாமான்னு இருந்தேன். அவரு எனக்கு போன் பண்ணினாரு. மருந்துக்காகத்தான்னு நெனச்சேன். புதுப் பாடத்தைப் பார்த்துச் சொல்லச் சொல்லி எனக்கு முன்னாடியே அனுப்பியிருந்தாங்கல்ல, அதுக்கு பாஸ்வேர்டு கேட்டாரு. பார்த்துட்டு மறுபடியும் கூப்பிட்டாரு."

"என்னிக்கு?"

"அவரு போறதுக்கு முந்தின புதன்கிழமை. நீங்க சாமான் வாங்கப் போயிருந்தீங்களாம். 'பாடத்துல இளையவர் முதல்லங்கறது இல்ல, அதை இனிமே வர்றவங்களுக்கு நீ வாயால சொல்லிக் குடுத்துடும்மா'ன்னாரு. ஏன் எடுத்தாங்கன்னு லிண்ட்ஸிகிட்ட கேட்கட்டுமான்னேன். 'கேட்காத. அவளே முதல்ல சொல்லட்டும்'னாரு." ஸமீனா அவள் முகத்தைப் பார்த்தாள். "சொன்னீங்கல்ல?"

லிண்ட்ஸி ஒரு கோட்டின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். யாருடைய கோட்டோ.

நாலு மணிக்கு வீடு திரும்பினார்கள். கட்டிலை எப்போதோ எடுத்துப் போய்விட்டார்கள். கம்பளத்தில் நாலு பள்ளம் அப்படியே இருந்தது. சோபாவைப் பழைய இடத்தில் போட இருவருக்குமே மனசு வரவில்லை.

சமையலறை மேஜையில் ப்ரெண்டா ஒரு படிவத்தை விரித்தாள். தகன மண்டபத்தில் கொடுத்தது.

"சாம்பலை என்ன பண்றதுன்னு கேட்டிருக்காங்க. ஃபைலிக்குக் கொண்டு போகலாம். இல்லேன்னா இங்கயே சர்ச்சுல, அவரோட அம்மா பக்கத்துல வைக்கலாம்."

"நீ என்ன நினைக்கற அம்மா?"

"ரெண்டு பேர்தான் இருக்கோம்னு சட்டத்தை மாத்திடுவியா? இளையவ முதல்ல. காரணமும் சொல்லணும்."

பேனாவின் மூடியைக் கழற்றி வைத்துவிட்டு, ப்ரெண்டா மேஜையைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டாள். நரைத்த வகிடு தெரிந்தது.

"அம்மா," என்றாள் லிண்ட்ஸி. "அன்னிக்கு, வியாழக்கிழமை, நான் அப்பாகிட்ட சொன்ன காரணம் முழுசு இல்ல..."

ப்ரெண்டா நிமிரவில்லை. படிவத்தின் முதல் கட்டத்தில் விரலை வைத்தபடி காத்திருந்தாள்.