இரண்டு வளையங்கள்

கிளப் வேன் எங்கள் தெருவைத் தாண்டியதிலிருந்து ட்ரெண்ட் ஆற்றங்கரை வருவதற்குள், மடியில் கிடந்த தூண்டில் பையின் ஜிப்பை ஏழு தடவை திறந்துவிட்டேன். உள்ளே கையை விட்டு, கம்பில் பூட்டிய நூல் ரீலை ஆட்டிப் பார்ப்பேன். ஆடாது. மூடுவேன். அடுத்த வளைவுக்குள் மறுபடியும் சந்தேகம் வந்துவிடும்.

"என்னடா கிளைவ், உள்ள குழந்தையா தூங்குது? சும்மா சும்மா எழுப்பிக்கிட்டே இருக்க?" என்றான் பக்கத்தில் இருந்த வில்ஃப். ஃபவுண்டரியிலும் எனக்கு எதிர் மெஷின் அவனுடையதுதான்.

முன் சீட்டில் மாவுக்கட்டுப் போட்ட காலை நீட்டி உட்கார்ந்திருந்த ராய்ஸ்டன் திரும்பாமலே சொன்னான்: "விடுடா. கல்யாணத்தன்னைக்கும் இப்படித்தான். மோதிரம் இருக்கா இருக்கான்னு தடவித் தடவி பாக்கெட்டையே கிழிச்சுட்டான். கிழிஞ்ச பேன்ட்டோடதான் என் தங்கச்சி கையப் புடிச்சான்."

வேன் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன்.

ராய்ஸ்டன் எங்கள் அணித் தலைவன். என் மனைவி மெரியலின் அண்ணன். நான் இருபத்தாறு வருடமாக வேலை பார்க்கும் ஃபவுண்டரியில் என் பிரிவுக்கு ஃபோர்மனும் அவன்தான். மூன்று பேரிடம் மறைக்க வேண்டியதை நான் ஒரே ஆளிடம் மறைத்துக்கொண்டிருந்தேன்.

மறைத்தது என் விரல்களை. வார்ப்பிலிருந்து வரும் இரும்பின் பிசிறுகளைக் கிரைண்டரால் தேய்த்து எடுப்பது என் வேலை. அந்த மெஷினின் அதிர்வு வருடக்கணக்கில் கைக்குள் இறங்கினால், குளிர் பட்டதும் விரல்கள் வெளுத்துவிடும். உணர்ச்சி போய்விடும். எனக்கு அது வந்து இரண்டு குளிர்காலம் ஆகிறது. வலது கையில் மூன்று விரல், இடது கையில் இரண்டு. ஜனவரிதோறும் கம்பெனியில் ஒரு உடல்நலப் படிவம் வரும். வெள்ளை விரல் என்று அதில் ஒரு வார்த்தை ஏறிவிட்டால் போதும், மறுநாளே கிரைண்டரிலிருந்து எடுத்து ஸ்டோரில் உட்கார வைத்துவிடுவார்கள். சட்டம் அப்படி. கிரைண்டர் முன்னால் நிற்காத என்னை எனக்குத் தெரியாது. ஐம்பத்து நான்கு வயதில் அந்த ஆளோடு பழகிக்கொள்ள எனக்கு மனமில்லை.

ஆனால் தூண்டில் காட்டிக்கொடுத்துவிடும். எங்கள் கம்புகளின் பிடி முழுக்கக் கார்க். ரீலைப் பூட்டத் திருகாணி எதுவும் கிடையாது, இரண்டு உலோக வளையங்கள்தான். ரீலின் பாதத்தைக் கார்க்கின் மேல் வைத்து, முன்னாலிருந்து ஒன்றும் பின்னாலிருந்து ஒன்றுமாக வளையங்களைத் தள்ளி, லேசாகத் திருகி அழுத்த வேண்டும். கார்க் கொஞ்சம் அமுங்கிக் கொடுக்கும். எவ்வளவு அமுங்கியது என்று விரல்தான் சொல்ல வேண்டும். செத்த விரல் எதைச் சொல்லும்? போன மாதம் நடந்த போட்டியில் வளையத்தைத் தள்ள முடியாமல் புதருக்குப் பின்னால் பத்து நிமிடம் நின்றேன். மூத்திரம் போவதாக எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

அதனால் இந்த வருடத்தின் கடைசிப் போட்டிக்கு வீட்டிலேயே ரீலைப் பூட்டிக்கொண்டு வந்தேன். சனிக்கிழமை சாயங்காலம் சமையலறையில், அடுப்புப் பக்கத்தில் கையைச் சூடேற்றிக்கொண்டு, கறுப்பு இன்சுலேஷன் டேப்பை இழுத்து இழுத்து ஒன்பது சுற்று சுற்றினேன். டேப் வெளியே தெரியாதிருக்க அதன் மேல் வளையங்களை ஏற்றிவிட்டேன். பார்க்கிறவனுக்கு எல்லாம் வழக்கம் போலத்தான் தெரியும்.

செய்த தப்பு அதற்கு முன்னாலேயே நடந்துவிட்டது. கடைசிப் போட்டிக்குக் கார்க் பிடியைச் சோப்பு போட்டுத் தேய்த்து வெளுத்துக்கொண்டு போவது எங்கள் கிளப் வழக்கம். அழுக்குப் பிடியோடு வருகிறவன், கல்யாணத்துக்குக் கிழிந்த பேன்ட்டோடு போனவனைவிட மோசம். வியாழக்கிழமையே தேய்த்துக் காய வைத்திருக்க வேண்டும். நான் வாரம் முழுக்க டேப்பையே நினைத்துக்கொண்டிருந்துவிட்டு, சனிக்கிழமை மத்தியானம்தான் தேய்த்தேன். சாயங்காலம் தொட்டுப் பார்த்தேன். காய்ந்த மாதிரிதான் இருந்தது. எந்த விரல்களால் தொட்டுப் பார்த்தேன் என்பதை அப்போது நான் யோசிக்கவில்லை.

யார் எங்கே உட்காருவது என்று கரையில் எண் போட்ட முளைகள் அடித்திருந்தார்கள்; குலுக்கலில் எனக்கு முப்பத்தொன்றாம் முளை விழுந்தது. மேட்டுக்குக் கீழே, மெதுவாக ஓடும் தண்ணீர். நல்ல இடம். ஒன்பதுக்கு விசில் ஊதினார்கள். விசிலுக்குப் பிறகு போட்டியாளனின் கம்பில் வேறொருவர் கை படக்கூடாது. பட்டால் அன்றைக்குப் பிடித்த மீனெல்லாம் கணக்கில்லை.

தூறல் போட்டுக்கொண்டிருந்தது. முதல் மணி நேரத்தில் எட்டுச் சிறு மீன். ஒவ்வொரு மீனுக்கும் பிறகு ரீலைத் தொட்டுப் பார்த்தேன். மீன் இல்லாதபோதும் தொட்டுப் பார்த்தேன். மிதவையைப் பார்க்க வேண்டிய கண் பிடியையே பார்த்துக்கொண்டிருந்தது.

அடுத்த முளையில் உட்கார்ந்திருந்த எதிர் அணிக்காரன் சத்தம் போட்டான்: "யோவ், மீனு தண்ணிக்குள்ள இருக்குய்யா! பிடியில இல்ல!"

"உன் மீனைப் பாத்தா அது தண்ணிக்குள்ளயும் இல்ல போலிருக்கே," என்றேன்.

"வாய்க்கு ஒண்ணும் குறைச்சலில்ல."

பத்தரை மணிக்கு ரீலில் முதல் ஆட்டம் தெரிந்தது. மிகச் சிறிய ஆட்டம். ரீல் கைப்பிடியைச் சுற்றும்போது பாதம் ஒரு மயிரிழை நகர்ந்தது. டேப்புக்குக் கீழே கார்க் ஈரத்தைக் கசியவிட்டுக்கொண்டிருந்தது. பசை வழுக்க ஆரம்பித்திருந்தது. விரல்களைப் பார்த்தேன். மெழுகுவர்த்தி நிறம். கையை அக்குளில் திணித்துக்கொண்டேன். எடுத்தேன். மறுபடி திணித்துக்கொண்டேன்.

மேட்டின் மேல் கைத்தடிகளின் சத்தம் கேட்டது. போட்டியில் உட்கார முடியாததால் ராய்ஸ்டன் கரையெல்லாம் நொண்டி நொண்டி நடந்து, யாருக்கு எவ்வளவு மீன் என்று சேதி சொல்லிக்கொண்டிருந்தான்.

"வில்ஃபுக்கு ஒண்ணுமில்ல. மத்த மூணு பேரும் பரவாயில்ல," என்றான். "உன் கையிலதான் இருக்கு மச்சான்."

"ம்."

"குளுருதா?"

"இல்லயே."

அவன் மேட்டின் மேலேயே கைத்தடிகளை ஊன்றி நின்றான்.

அப்போது மிதவை சாய்ந்து மெல்ல அமிழ்ந்தது. கம்பைத் தூக்கினேன். அடியில் கனமான ஒன்று, கதவு மாதிரி, அசையாமல் நின்றது. பிறகு நடுவாற்றைப் பார்த்து நகர்ந்தது. நாலு பவுண்டுக்குக் குறையாத பிரீம் மீன். வலைப்பைக்குள் அது விழுந்தால் எங்கள் அணி ஜெயித்த மாதிரிதான்.

நாலைந்து சுற்றுச் சுற்றியிருப்பேன். டேப் மொத்தமும் நனைந்த காலுறை மாதிரி நழுவிக் கீழே இறங்கியது. ரீல் பக்கவாட்டில் சாய்ந்தது. இடது கையால் ரீலைப் பிடியோடு அழுத்திக்கொண்டு, வலது கையால் வளையத்தைத் தள்ளப் பார்த்தேன். விரல்கள் வளையத்தின் மேல் இருந்தன. கண்ணுக்குத் தெரிந்தது. அவ்வளவுதான். தள்ளுகிறேனா, சும்மா வைத்திருக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை. வளையம் அசையவில்லை. ரீலின் பாதம் கார்க்கிலிருந்து எழுந்து நின்றது.

ராய்ஸ்டன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பான் என்று நினைத்துத் திரும்பினேன். அவன் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

"அங்க பாரு மச்சான், அந்தக் கறுப்பு மாடு நொண்டுது," என்றான் வயல் பக்கம் பார்த்து. "என்னை மாதிரியே."

"ராய்ஸ்டன், ரீலு கழண்டுடுச்சு."

"அப்படியா. நான் மாட்டைப் பாத்துக்கிட்டு இருக்கேன்."

குரல் கேலிக் குரல்தான். ஆனால் கைத்தடியின் முனை மண்ணைக் குத்திக்கொண்டே இருந்தது, ஒரே இடத்தில், திரும்பத் திரும்ப.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஜனவரி படிவத்தில் முதல் பக்கம் ஃபோர்மன் எழுத வேண்டியது. வேலையாளின் கையில் ஏதாவது கவனித்தீர்களா என்று ஒரு கேள்வி இருக்கும். இரண்டு வருடமும் அந்தக் கேள்விக்கு 'இல்லை' என்று எழுதியிருந்தது. நான் கெட்டிக்காரத்தனமாக மறைத்துவிட்டதாக அல்லவா நினைத்தேன்.

"உனக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"என்ன தெரியணும்?"

"எத்தனை நாளா தெரியும்?"

"மூத்திரம் போறவன் தூண்டில் கம்பையா கையோட எடுத்துட்டுப் போவான்?" முதுகு பேசியது. "எனக்கு ஒண்ணும் தெரியாது. நான் எதையும் பாக்கல. பாக்காத வரைக்கும் எழுத வேண்டியதில்ல. மீனப் பாருடா."

மீன் இழுத்தது. ரீல் இப்போது ஒற்றை வளையத்தில் தொங்கியது. நூலைக் கையால் பற்ற முயன்றேன். நூல் விரலுக்குள் ஓடி, சுட்டுவிரலைக் கிழித்துக்கொண்டு போனது. ரத்தம் வந்தது. வலிக்கவில்லை. வெள்ளைத் தோலில் சிவப்புக் கோடு, யாரோ வேறொருவர் கையில் வரைந்தது போல இருந்தது. இந்தக் கையால்தான் நாளைக்கு எட்டு மணிக்கு, நிமிடத்துக்கு ஆறாயிரம் தடவை சுற்றும் சக்கரத்தைப் பிடித்திருக்கப் போகிறேன். எதிரில் வில்ஃப் நின்றுகொண்டிருப்பான்.

நூல் தொய்ந்தது. மீன் போய்விட்டது. ரீல் புல்லில் விழுந்தது.

ராய்ஸ்டன் அந்தச் சத்தத்தைக் கேட்டிருப்பான். திரும்பவில்லை. அவன் தோள்கள் மட்டும் கொஞ்சம் இறங்கின. நான் வாயை மூடிக்கொண்டு டேப்பைப் பிய்த்தெறிந்திருந்தால், அவன் மாட்டைப் பற்றி இன்னும் இரண்டு வார்த்தை பேசிவிட்டு அடுத்த முளைக்குப் போயிருப்பான். அடுத்த ஜனவரியிலும் 'இல்லை' என்றே எழுதியிருப்பான். தண்ணீரைப் பார்த்தேன். நெடுநேரம் பார்த்தேன் போலிருக்கிறது. அவன் நகராமல் நின்றான்.

"மச்சான்," என்றேன். "திரும்பு."

"வேணாம்டா."

"திரும்பிப் பாரு."

அவன் கைத்தடிகளை ஒவ்வொன்றாக ஊன்றி, கட்டுப்போட்ட காலை இழுத்து, மெதுவாகத் திரும்பினான். கீழே கிடந்த ரீலைப் பார்க்கவில்லை. நான் நீட்டிய இரண்டு கைகளையும் பார்த்தான். ரத்தம் மணிக்கட்டு வரை வந்திருந்தது.

"மடையா," என்றான். "இப்ப பாத்துட்டேன். ஜனவரி வரைக்கும் வச்சிருக்க முடியாது, நாளைக்கே எழுதணும். தெரியும்ல?"

"தெரியும்."

"என் தங்கச்சி என்னைக் கொன்னுடுவா."

"முதல்ல என்னை. அப்புறம்தான் உன்னை."

அவன் சிரிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தான். கம்பில் அவன் கை படாமலிருக்க, கம்பை மடியிலிருந்து எடுத்துத் தரையில் வைத்துவிட்டு மேடேறி அவனருகே போனேன். அவன் குனிய முடியாமல் கைத்தடியில் சாய்ந்துகொண்டு, என் விரலைச் சுற்றி முடிச்சுப் போட்டான். எவ்வளவு இறுக்கிப் போட்டான் என்று எனக்குத் தெரியவில்லை.