அடைக்கக் கூடாத ஓட்டை

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள் அவள். "மூச்ச இழுத்துப் பிடிங்க" என்று நாள் முழுக்க ஊருக்கே சொல்பவள், ஒரு வாரமாகத் தன் மூச்சைத்தான் பிடித்துக்கொண்டிருந்தாள். எல்லாம் மீன்தொட்டி செய்த வேலை.

தொட்டி அவளே கட்டியது. மேலே மீன்கள், கீழே அலமாரிக்குள் இன்னொரு தொட்டி. மேலே நிரம்பி வழியும் தண்ணீர் ஒரு குழாயில் இறங்கி, பஞ்சில் அழுக்கை விட்டுவிட்டு, மோட்டார் தயவில் இன்னொரு குழாயில் மேலே ஏறிவிடும். கரண்ட் இருக்கும்வரை எல்லாம் ஜோர்தான். போன வாரம் கரண்ட் போனதும், ஏற்றிவிட்ட குழாயே தண்ணீரை உறிஞ்சிக் கீழே இறக்கத் தொடங்கிவிட்டது. கீழ்த்தொட்டி நிரம்பி, அலமாரி வழிந்து, தரை வழிந்து, கடைசியில் கீழ்வீட்டில் இருக்கும் வீட்டுக்கார அம்மாவின் கட்டிலில் போய்ச் சொட்டியது.

"இன்னொரு சொட்டு விழுந்தா தொட்டி இங்க இருக்கக் கூடாதும்மா" என்று அந்தம்மா சொல்லிவிட்டுப் போனார். குரலை உயர்த்தவே இல்லை.

தொட்டியில் 'மேனேஜர்' இருந்தது. எந்த வேலையும் செய்யாமல் எல்லாவற்றையும் மேற்பார்வை பார்க்கும் குண்டுத் தங்கமீன். அவள் வேலை முடிந்து வந்தால் கண்ணாடியோரம் ஓடி வரும் ஒரே ஜீவன் அதுதான். கணவன்கூட டிவியிலிருந்து தலையைத் திருப்ப யோசிப்பான். அதை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனசே இல்லை.

யோசித்து யோசித்து, ஏற்றும் குழாயில் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே சின்னதாக ஓர் ஓட்டை போட்டாள். மோட்டார் நின்றால் அதன் வழியே காற்று புகும், உறிஞ்சல் அறுந்துவிடும். மோட்டார் பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தாள். தண்ணீர் சொன்னபடி கேட்டு நின்றது. உடனே கீழே ஓடி, "அக்கா, சரி பண்ணிட்டேன். ஞாயித்துக்கெழம வந்து நீங்களே பாருங்க" என்று சவால் விட்டுவிட்டு வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கார அம்மா நாற்காலியைத் தொட்டிக்கு எதிரே இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அவர்களோடு இருக்கும் அவளுடைய மாமனாரும் வந்து நின்றார். காலமெல்லாம் பஞ்சர் கடை வைத்திருந்தவர் அவர்.

அவள் பிளக்கைப் பிடுங்கினாள். தண்ணீர் இறங்கியது. இறங்கிக்கொண்டே இருந்தது. கீழ்த்தொட்டி விளிம்பை நோக்கி ஏறியது. மேனேஜர் மிரண்டு ஒரு மூலையில் ஒதுங்கியது.

"நிக்கும்னு சொன்னியேம்மா" என்றார் வீட்டுக்கார அம்மா.

அவள் பாய்ந்து குழாயைத் தண்ணீரிலிருந்து வெளியே தூக்கினாள். உறிஞ்சல் அறுந்தது. விளிம்புக்கு ஒரு விரற்கடை கீழே தண்ணீர் நின்றது. குழாயைத் திருப்பிப் பார்த்தாள். ஓட்டை இருந்த இடத்தில் கறுப்பு ரப்பர் ஒட்டு ஒன்று, ஓரம்கூடப் பிசிறாமல், அம்சமாக உட்கார்ந்திருந்தது.

"நான்தாம்மா ஒட்டுனேன்" என்றார் மாமனார், பெருமை தாங்காமல். "நேத்து பாக்குறேன், பொத்தல்ல தண்ணி பீச்சிக்கிட்டு இருந்துச்சு. ஒழுக்கு இங்கதான்னு புடிச்சிட்டேன். நீ பாவம், தேடித் தேடி அலையுறியேன்னு..."

அவளுக்குக் கோபம் மூக்கு நுனிவரை வந்தது. அந்த முகத்தைப் பார்த்ததும் அப்படியே வடிந்தது. அவளுக்காகத்தானே குனிந்து, முட்டி வலியோடு இதைச் செய்திருக்கிறார்.

"மாமா, அது ஒழுக்கு இல்ல. காத்து உள்ள போக நானே போட்ட ஓட்டை."

அவர் முகம் சுண்டிப்போனது. "ஊசி இருந்தா குடும்மா" என்றார். ஓட்டைகளை அடைத்தே பழகிய கை, தான் ஒட்டியதைத் தானே மெதுவாகக் குத்தித் திறந்தது.

மோட்டாரைப் போட்டு, தொட்டி பழையபடி நிரம்பியதும் மறுபடி பிளக்கைப் பிடுங்கினாள். "எல்லாரும் மூச்சப் பிடிச்சுக்கோங்க" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. குழாய் 'களுக்' என்றது. தண்ணீர் நின்றது.

வீட்டுக்கார அம்மா எழுந்து, குனிந்து தரையைத் தடவிப் பார்த்தார். காய்ந்திருந்தது. "தொட்டி இருக்கட்டும். ஒங்க மாமனாரத்தான் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லணும்."

அவள் அப்படிச் செய்யவில்லை. அந்த ஓட்டையில் பாசி பிடித்தால் மறுபடி வினைதான். தினமும் யாராவது குத்திவிட வேண்டும். இப்போது காலையில் அவள் வேலைக்குக் கிளம்பும்போது மாமனார் ஊசியும் கையுமாகத் தொட்டியருகே நிற்கிறார். மேனேஜர் கண்ணாடியோரம் வந்து மேற்பார்வை பார்க்கிறது.

"நீ போம்மா" என்கிறார். "ஓட்டைய நான் பாத்துக்குறேன்."