வீண் என்று எழுதிய நேரம்

நான் வேலை பார்க்கிற அறைக்கு ஜன்னல் கிடையாது. ஒரு மேசை, இரண்டு திரை, காதை முழுசாக மூடுகிற ஹெட்போன். பன்னிரண்டு பேரை ஒரு வீட்டுக்குள் பூட்டி வைத்து, அவர்கள் அடித்துக்கொள்வதை ஊருக்குக் காட்டுகிறார்களே, அந்த நிகழ்ச்சியில் எனக்கு வேலை கேட்பது. முந்தின நாள் பதிவானதைக் கேட்டு, ஒவ்வொரு துண்டுக்கும் எதிரே ஒரு வார்த்தை எழுதவேண்டும். சண்டை, அழுகை, காதல், சிரிப்பு. எதற்கும் உதவாததற்கு ‘வீண்’. நான் வீண் என்று எழுதியதை வேறு யாரும் திறந்துகூடப் பார்க்கமாட்டார்கள். அன்று மாலையே அழித்துவிடுவார்கள். அலுவலகத்தில் என் பெயர் ‘காது’.

நாற்பத்தெட்டு வயது, தனிக்கட்டை. வீட்டுக்குப் போனால் ‘வந்துட்டியா’ என்று கேட்க ஆள் இல்லை. அதனாலோ என்னவோ, ஹெட்போனுக்குள் பேசுகிறவர்களுக்குப் பதில் சொல்லும் பழக்கம் வந்துவிட்டது. “அவன் பேச்சை நம்பாதடி” என்று திரையைப் பார்த்து ஒருமுறை நான் திட்டியதைக் கத்திரி கேட்டுவிட்டான். கத்திரி என்றால் எங்கள் எடிட்டர். ஒரு வாரம் அதைச் சொல்லிச் சொல்லியே சிரித்தான்.

இந்த முறை உள்ளே வந்தவர்களில் ஒரு தையற்காரம்மா இருந்தார். ஐம்பதைத் தாண்டியவர். வம்புக்குப் போகமாட்டார், யார் என்ன சொன்னாலும் கண் கலங்கமாட்டார். “கட்டையைக் கொண்டுவந்து போட்டுட்டாங்க, இதை வச்சு நான் என்னத்த வெட்டறது” என்று கத்திரி தலையில் அடித்துக்கொண்டான்.

ஆனால் தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு, மற்றவர்கள் படுத்துக்கிடக்கும்போது, துணி காயப்போடுகிற இடத்துக்கு அவர் தனியாக வருவார். காய்ந்ததை மடித்துக்கொண்டே சன்னக் குரலில் ஏதோ சொல்வார். பாட்டு முணுமுணுக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். ஒலியைக் கூட்டினேன்.

“உங்கப்பா கடைசி நாள்ல உன்னைத்தான் கேட்டுக்கிட்டே இருந்தாருடா. பரீட்சை முடியட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்னு நான்தான் தள்ளிப்போட்டேன். நீ வந்து நின்னப்போ எல்லாம் முடிஞ்சுபோச்சு. நான் பண்ணினது தப்புதாம்ப்பா.”

சொல்லிவிட்டு மேலே பார்த்தார். வானத்தைப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் கையில் இருந்த சட்டையாலேயே முகத்தைத் துடைத்து, அதை மறுபடி உதறி மடித்தார். மகன் ஆறு வருஷமாக அவரிடம் பேசுவதில்லை என்பது அடுத்தடுத்த நாட்களில் தெரியவந்தது.

முறைப்படி நான் எழுதவேண்டியது ‘அழுகை’. எழுதினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். போன வருஷம் ஒருத்தன் தூக்கத்தில் ‘அம்மா, அம்மா’ என்று தேம்பியதை அப்படித்தான் எழுதினேன். வயலினைச் சேர்த்து, மெதுவாக ஓட்டி, நாலு நாள் காட்டினார்கள். வெளியே வந்தவனை ரோட்டில் பார்க்கிறவர்கள் எல்லாம் அதே மாதிரி தேம்பிக் காட்டினார்களாம். அவன் வேறு ஊருக்கே போய்விட்டான். அந்தப் பாவம் ஒன்று போதும் என்று, தையற்காரம்மாவுக்கு நேரே ‘வீண்’ என்று எழுதினேன். தினமும் எழுதினேன்.

நல்லது செய்வதாகத்தான் நினைப்பு. இன்னொன்றையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அந்தப் பதினைந்து நிமிடம் எனக்கே எனக்கு என்று ஆகிவிட்டது. அதுவரைக்கும் டீகூடக் குடிக்காமல் வைத்திருப்பேன். ‘விடுங்கக்கா, அழாதீங்க’ என்பேன். ஊரே பார்க்கிற ஒரு மனுஷி என்னிடம் மட்டும் மனசு விட்டுப் பேசுவதாக ஒரு கிறுக்கு எண்ணம்.

ஐந்தாம் வாரம் ஓட்டுப் போட்டு அவரை வெளியே அனுப்பினார்கள். கல்நெஞ்சக்காரி என்பதுதான் ஊர்ப் பேச்சு. மறுநாள் காலை தன் போனையும் பெட்டியையும் வாங்கிக்கொள்ள எங்கள் மாடிக்கு வந்தார். வாங்கி, தங்கச்சியிடம் போனில் பேசிவிட்டு, நடைபாதையில் பிளாஸ்டிக் நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருந்தார். எனக்கு மனசு கேட்கவில்லை. ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

“நீங்க இங்கதான் வேலை பாக்கறீங்களாம்மா?”

“ஆமாங்க்கா.”

“ஒண்ணு கேக்கணும். துணி மடிக்கிற இடத்துல தினமும் பேசினேனே, அதுல ஒரு வார்த்தைகூட டிவியில வரலையாம். என் தங்கச்சி சொல்றா. அங்க கேமரா இல்லையா?”

“இருக்குங்க்கா” என்றேன்.

“அதைப் பாத்துட்டுதானே நின்னேன். என் பையன் என் போனை எடுக்கமாட்டான், லெட்டர் போட்டாலும் பிரிக்கமாட்டான். ஆனா இந்த நிகழ்ச்சியை ஒருநாள் விடாம பாப்பான். அதுக்காகத்தான் வந்தேன், இல்லேன்னா இந்த வயசுல எனக்கு எதுக்கு இந்தக் கூத்து?” போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “பாத்திருக்கான். ‘அங்க போயும் அம்மா ஒரு சொட்டுக் கண்ணீர் விடல, பாத்தீங்களா சித்தி’ன்னு தங்கச்சிகிட்ட சொன்னானாம்.”

மறைக்க என்னால் முடியவில்லை. “நான்தாங்க்கா அது வேணாம்னு எழுதினேன். உங்க கஷ்டத்தை வச்சு வியாபாரம் பண்ணிடுவாங்களேன்னு…”

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. “உங்களை யாரும்மா கேட்டா?” என்றார், களைத்துப்போன குரலில்.

“எல்லாத்தையும் அழிச்சுட்டாங்க. ஆனா எனக்கு ஞாபகம் இருக்கு. உங்க பையன் நம்பரைச் சொல்லுங்க. நீங்க சொன்னதை அப்படியே நான் சொல்றேன்.”

போனைப் பார்க்காமலே எண்ணைச் சொன்னார். என் போனிலிருந்து அழைத்தேன். இரண்டாவது மணியிலேயே அவன் எடுத்தான்.

“தம்பி, உங்கம்மா இருந்த நிகழ்ச்சியில நான் வேலை பாக்கறேன். அவங்க அங்க தினமும் உங்ககிட்டதான் பேசினாங்க. அப்பா உங்களைக் கேட்டுக்கிட்டே இருந்தாருன்னு…”

அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. மூச்சை வைத்தே அழுகையா கோபமா என்று சொல்லிவிடுவேன், என் பிழைப்பே அதுதான். இது எதுவென்று எனக்குப் பிடிபடவில்லை.

“இதையும் டிவிக்கு எடுத்துக்கிட்டிருக்கீங்களா?” என்றான்.

“இல்ல தம்பி, சத்தியமா இல்ல.”

“எங்கப்பா சாவைக்கூட விடமாட்டீங்களா?”

வைத்துவிட்டான். மறுபடி அழைத்தேன், எடுக்கவில்லை.

“என்ன சொன்னான்?” என்று கேட்டார் தையற்காரம்மா. அப்புறம் பேசுவதாகச் சொன்னான் என்று பூசிமெழுக நுனிநாக்குவரை வந்தது. இவருக்காக நான் முடிவெடுத்தது போதும். அவன் சொன்னதை வார்த்தை மாறாமல் சொன்னேன்.

கேட்டுக்கொண்டு தலையை ஆட்டினார். தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பெட்டியை எடுத்தார். நாலடி போனவர் நின்று, நடைபாதையின் மேல்மூலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

“நிஜமாவே எடுக்கலைதானே?” என்றார்.

“இல்லைங்க்கா” என்றேன். சொல்லும்போதே என் கண்ணும் கூரைக்குப் போய்விட்டது.