மேல்வீட்டுப் பாட்டு

நூலகத்தின் இசைப்பிரிவைப் பார்த்துக்கொள்பவளுக்குப் புது வேலை ஒன்று வந்து சேர்ந்தது. கணினியிலேயே இசை செய்யும் உள்ளூர்ப் புதியவர்களைத் தேடிப்பிடித்து, அவர்களுடைய பாட்டுகளை ஒரே தொகுப்பாக்கி நூலகத்தின் இணையதளத்தில் போட வேண்டும். அறிவிப்புப் போட்டதுதான் தாமதம், பாட்டுகள் வந்து குவிந்துவிட்டன.

கேட்பது சுலபம், கோப்பதுதான் பாடு. ஒருவர் ஃபிரிட்ஜின் உறுமலை வைத்தே தாலாட்டு செய்திருந்தார். இன்னொருவரின் பாட்டு, ரயிலைத் தவறவிட்டவன் மாதிரி மூச்சிரைக்க ஓடியது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் தூங்கும் குழந்தையை உலுக்கி எழுப்பின கதையாகிவிடும். அவள் சலிக்காமல் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாள். அந்த வேலை அவளுக்கு வெல்லமாக இனித்தது.

வீட்டில் அவள் கணவனுக்கோ வேறு தலைவலி. அவன் வீட்டிலிருந்தபடியே இயந்திரக் கையேடுகளை மொழிபெயர்ப்பவன். மேல்மாடிக்குக் குடிவந்திருந்த பெண்ணுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் மாலை வேலை. பகலெல்லாம் அவள் வீட்டிலிருந்து ‘தும் தும்’ என்று ஒரு சத்தம் இறங்கி வந்து அவன் உயிரை எடுத்தது.

“இன்னிக்கும் ஆரம்பிச்சுட்டா. ஒரு வரி ஓடல எனக்கு.”

“மேல போய்ச் சொல்லுங்களேன்.”

“சொல்றேன், சொல்றேன்” என்பானே தவிர, அந்தப் பெண்ணைப் படியில் பார்த்தால் பல்லைக் காட்டிவிட்டு வந்துவிடுவான்.

ஒரு மதியம் நூலகத்தில், ‘ஈரத்தரை’ என்ற புனைபெயரில் வந்திருந்த பாட்டை அவள் ஹெட்போனில் கேட்டாள். கேட்டதுமே பிடித்துப்போய்த் தொகுப்பில் சேர்த்துவிட்டாள். இரண்டாம் முறை கேட்கும்போது, அடுத்த அடி எங்கே விழும் என்பது அவள் காலுக்கு முன்கூட்டியே தெரிந்தது. அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. விடுமுறை நாட்களில் அவளும் கேட்டுச் சலித்த அதே தும் தும்! அதற்குமேல் இத்தனை மெல்லிய மணியொலிகளா? இவ்வளவு நாளும் அந்தப் பாட்டின் கால்களை மட்டுமே பார்த்திருக்கிறோம், முகத்தை இன்றைக்குத்தான் பார்க்கிறோம் என்று நினைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை மாடியேறிக் கதவைத் தட்டினாள். “பேச்சு முத்திப்போச்சுன்னா ஆள் வேணும்ல” என்று கணவனும் பின்னாலேயே வந்தான்.

கதவைத் திறந்த பெண்ணின் முகம் வெளுத்துவிட்டது. “சத்தம் ஜாஸ்தியா இருக்கா அக்கா? மன்னிச்சுக்கோங்க, குறைச்சிடறேன்.”

“குறைக்காதம்மா. ஈரத்தரை நீதானே? உன் பாட்டு எங்க தொகுப்புல வருது.”

அந்தப் பெண் இருவரையும் உள்ளே கூப்பிட்டு, பாட்டை முழுதாகப் போட்டாள். கண்ணாடிச் சில்லுகளைத் தட்டிப் பதிவுசெய்தவைதானாம் அந்த மணியொலிகள். கணவன் கையைக் கட்டிக்கொண்டு விறைப்பாகக் கேட்டான். பாட்டு முடிந்ததும் தொண்டையைச் செருமினான்.

“நடுவுல ஒரு இடத்துல சட்டுனு நின்னு, அப்புறம் தொடங்குமே. அதை ஏன் எடுத்துட்டீங்க?”

“அது போன மாசத்து வடிவம். உங்களுக்கு எப்படி…”

“கீழதானே உக்காந்திருக்கேன்! எல்லா வடிவமும் எனக்கு மனப்பாடம். அந்த நிறுத்தம் வந்தாதான் நானே மூச்சு விடுவேன்.”

மனைவி தன்னை மீறிச் சிரித்துவிட்டாள். அந்தப் பெண் சிரிக்கவில்லை. கணினியைத் திறந்து நிறுத்தத்தைத் திரும்ப வைத்து, மறுபடி ஓடவிட்டாள். பாட்டுக்கு உயிர் வந்தது. “யாருமே கேக்கலைன்னு நினைச்சேன் அண்ணே” என்றாள் மெதுவாக.

தொகுப்பு வெளியான மாலை, இசை செய்தவர்களை எல்லாம் நூலகத்துக்கு வரச்சொல்லியிருந்தார்கள். ஒருவரை ஒருவர் அறியாதவர்கள், முதலில் நகலெடுக்கும் இயந்திரத்தைச் சுற்றிக் கூச்சத்தோடு நின்றார்கள். பாட்டுகள் ஒலிக்கத் தொடங்கியதும் பேச்சு பற்றிக்கொண்டது. கணவன் செய்த காரியத்தைக் கண்ணாடிக் கடைப் பெண் எல்லோரிடமும் சொல்லிவிட்டாள் போலிருக்கிறது, ஃபிரிட்ஜ் தாலாட்டுக்காரர் நேராக அவனிடம் வந்தார்.

“சார், என்னோடதையும் கேட்டு ஒரு வார்த்தை சொல்லுங்களேன்.”

“ஒருதரம் கேட்டுட்டுச் சொல்ல முடியாதுங்க” என்றான் கணவன், பெரிய வித்வானைப்போல நாற்காலியில் சாய்ந்துகொண்டு. “சுவருக்கு அந்தப் பக்கம் வச்சுப் போடுங்க, பாப்போம்.”

அவனுடைய தோரணையைப் பார்த்த மனைவி, சிரிப்பு வெளியே தெரியாமலிருக்கப் புத்தக அலமாரி பக்கம் திரும்பிக்கொண்டாள்.