அடைக்கலக் கோபம்

மடத்து ஆள் வந்து நின்றபோது அவள் ஒரு வெள்ளைச் சட்டையின் காலரைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். வந்தவருக்குச் சாம்பல் நிற அங்கி, வெறும் கால், வெறும் கை. கடையில் துணிக்குக் காத்திருந்தவர்கள் யாரும் சொல்லாமலே ஒதுங்கி வழிவிட்டார்கள்.

"இஸ்திரிக்கார அக்கா நீங்கதானே? உங்க தம்பிக்கு நெஞ்சுல இரும்புத் தடியால அடி. சந்தையைக் கொளுத்த வந்த கூட்டத்தை மறிச்சு நின்னார். சாயங்காலம் தாண்டமாட்டார். நீங்க வச்சிருக்கறதை எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க."

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். காலர் கருகவில்லை. தலையில் இடி விழுந்தாலும் அடுத்தவர் துணியைக் கருகவிடுகிற குடும்பம் அல்ல அது.

வெறுங்கையர் மடத்தில் சேருகிறவன் முதலில் தன் கோபத்தை இறக்கிவைக்க வேண்டும். கோபம் உள்ள கை குறி தவறும், கோபம் உள்ள கால் முந்திக்கொண்டு நகரும் என்பது அவர்கள் பாடம். ஆயுதம் இல்லாமல் கலவரத்தின் நடுவே போய் நிற்கிறவர்களுக்கு இரண்டில் எது நடந்தாலும் உயிர் போகும். இறக்கிவைத்த கோபத்தைத் தரையில் போட முடியாது. ரத்த உறவில் ஒருவர் வாங்கிக்கொள்ள வேண்டும். அவர் உள்ளங்கையில் இவன் ஒரே மூச்சாக ஊதுவான். அவர் கையை மூடியபடியே வீடு வந்து, படி தாண்டியதும் நெஞ்சில் வைத்துத் திறப்பார். அதன்பின் அது விலா எலும்புக்குக் கீழே கனன்றுகொண்டு கிடக்கும். இவன் சாகும் வேளையில் அதைத் திரும்பக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அதைத் தன் மூச்சாலேயே இவன் அணைக்க வேண்டும். அதுதான் வெறுங்கையரின் கடைசிச் சண்டை. அந்தச் சண்டை போடாமல் செத்தவன் பாதி ஆள். அவனை மதிலுக்கு வெளியே, பெயர் இல்லாமல், ஒரு பள்ளத்தில் இறக்கிவிடுவார்கள்.

தம்பி கொடுத்தது சில்லறைக் கோபம் அல்ல. ஆலை வாசலில், சம்பளத்துக்கு நின்ற கூட்டத்தின் முன்னால், அவர்கள் அப்பாவை மேஸ்திரி செருப்பால் அடித்தான். அப்பா, தெறித்து விழுந்த அந்தச் செருப்பை எடுத்து அவன் காலடியிலேயே வைத்தார். மறுநாள் கம்பியோடு கிளம்பிய தம்பியைச் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் மடத்தில் சேர்த்தவள் அக்காதான்.

இரவல் வாங்கிய சல்லடையைக்கூடக் கழுவித் திருப்பிக் கொடுக்கிற வீடு அது. ஆனால் அன்று அவளிடம் கொடுக்க ஒன்றும் இல்லை.

செலவாகிவிட்டது. போன மழைக்காலத்தில் மகள் உடைந்த பல்லோடு வந்து வாசலில் நின்றாள். மாப்பிள்ளையின் கைவண்ணம். அக்கா சம்பந்தி வீட்டுக்குப் போனாள். வழியெல்லாம் கொதித்த அவளுடைய சொந்தக் கோபம், சம்பந்தியம்மாள் நாற்காலி போட்டுத் தண்ணீர் நீட்டியதும் சுருங்கிப்போயிற்று. "ஆம்பளைன்னா கை நீளத்தான் செய்யும், நாமதான் அனுசரிச்சுப் போகணும்" என்று அந்த அம்மாள் சிரித்தபோது, தன்னுடையது போதாமல், அடியில் கிடந்த தம்பியின் கோபத்தை அக்கா தொட்டுவிட்டாள். பிறகு என்ன பேசினாள் என்று அவளுக்கே தெரியாது. தெரு முழுக்கக் கூடிவிட்டது. அன்றுமுதல் மாப்பிள்ளை மகளிடம் குரலைக்கூட உயர்த்துவதில்லை. அன்றுமுதல் விலாவுக்குக் கீழே அந்தக் கனமும் இல்லை.

பஸ்ஸில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவர், தையல்காரர், மெல்லச் சொன்னார். "போனது போச்சு. வேற ஒரு கோபத்தைப் பிடிச்சுக்கிட்டுப் போ. கோபம்னா கோபம்தானே?"

"வரமாட்டேங்குதே. அழுகைதான் வருது."

"நான் வரவைக்கிறேன்." தொண்டையைச் செருமிக்கொண்டார். அளவு தப்பிய சட்டையைக்கூடத் திட்டியறியாத மனிதர் அவர். "உன் சமையலை மனுஷன் வாயில வைப்பானா?"

"அதான் தினமும் சட்டியை வழிச்சுத் துடைக்கிறீங்களா?"

"உன் தம்பி ஒரு தண்டச்சோறு."

"ம்."

"உங்கம்மா இருக்காங்களே, உங்கம்மா..." மேற்கொண்டு வரவில்லை. "உங்கம்மா நல்லவங்கதான், பாவம்."

கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். "அண்ணே, பொண்டாட்டியைத் திட்டறதுன்னா ஒழுங்காத் திட்டுங்க. இல்லைன்னா பேசாம வாங்க. கேக்கறவனுக்குக் கூச்சமா இருக்கு."

வேறொரு நாளாக இருந்தால் அவள் வாய்விட்டுச் சிரித்திருப்பாள். இப்போது உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். வேர்வைதான் இருந்தது.

மடத்து வைத்திய அறையில் ஒரு இரும்புக் கட்டில், ரத்தத் துணி ஊறும் ஒரு தொட்டி, சுவரோரமாக நின்ற சில வெறுங்கையர்கள். தம்பியின் மார்பு ஒரு பக்கம் அமுங்கியிருந்தது. அவள் மூடிய கையை அவன் நெஞ்சில் வைத்துத் திறந்தாள். மடத்துத் தலைவர் தன் கையை அங்கே வைத்துப் பார்த்தார்.

"ஒண்ணும் வரலையேம்மா."

"இல்லீங்க. எடுத்துச் செலவு பண்ணிட்டேன்." நின்ற வாக்கில் எல்லாவற்றையும் சொன்னாள். மறைத்துப் பேசத் தெரியாது அவளுக்கு.

தம்பி புன்னகைத்தான். "பரவாயில்லக்கா. பாப்பாவுக்காகத்தானே."

அந்தப் புன்னகைதான் அவளைக் கொன்றது. தன்னை அடித்தவனைப் பார்த்தும் அவன் அப்படித்தான் புன்னகைத்திருப்பான். உள்ளே ஒன்றும் இல்லாதவனின் புன்னகை.

தலைவர் கண்ணைக் காட்டினார். இருவர் கட்டிலைத் தூக்கி வெளிவாசல் பக்கம் திருப்பினார்கள். தம்பியின் முகம் மாறவில்லை. ஆனால் விரல்கள் கட்டில் சட்டத்தை இறுக்கிப் பிடித்தன.

"அக்கா, வெளிய போடவேண்டாம்னு சொல்லுக்கா" என்றான், மூச்சு வாங்க.

"நில்லுங்க!" அவள் கட்டிலை மறித்தாள். "தம்பி, பாப்பாவை எந்த வீட்டுல குடுத்தேன்னு நீ கேக்கவே இல்லையே? அந்த மேஸ்திரி வீட்டுலதான். அவன் பேரனுக்கு."

தையல்காரர் தலை நிமிர்ந்தார். மாப்பிள்ளையின் தாத்தா, ஊருக்கெல்லாம் கடிதம் கொண்டுபோன தபால்காரர். அவர் வாயைத் திறக்குமுன் அவள் திரும்பாமலே அவர் காலை மிதித்தாள்.

"சும்மா சொல்றே" என்றான் தம்பி.

"எதுக்குச் சும்மா? கல்யாணத்துல அவனை முன்வரிசையில உட்காரவச்சு நானே பரிமாறினேன். அப்பா செருப்பு எடுத்து வச்சாரே, அதே காலுக்கு நான் தண்ணி ஊத்தினேன். வசதியான இடம்டா. மானத்தைக் கட்டிக்கிட்டு அழுதா சோறு வருமா?"

அந்தக் குடும்பத்தில் யார் வாயிலிருந்தும் அதுவரை வராத பேச்சு. சொல்லச் சொல்ல அவள் நாக்கு கசந்தது.

புன்னகை போயிற்று. கழுத்து நரம்பு புடைத்தது. எழ முடியாதவன் எழுந்தான். அவள் மணிக்கட்டை எலும்பு நொறுங்குகிற மாதிரி பிடித்தான்.

"அப்பாவுக்குப் பொறந்தவதானாடி நீ?"

தலைவர் அவன் நெஞ்சில் கையை வைத்து, சூடு பட்டவர் போல எடுத்துக்கொண்டார். "வந்துடுச்சு. கட்டிலை இறக்குங்க."

"இவ என் அக்கா இல்ல" என்றான் தம்பி. அவள் கையை உதறினான். சுவர் பக்கம் திரும்பிக்கொண்டு மூச்சைப் பிடித்தான்.

ஒவ்வொரு மூச்சுக்கும் உடைந்த விலாவின் சத்தம் கேட்டது. முகம் சிவந்து, கருத்து, மறுபடி சிவந்தது. பொய்யடா, எல்லாம் பொய் என்று அவள் தொண்டை வரை வந்துவிட்டது. சொன்னால் கோபத்தை அணைத்தது அவளாகிவிடும். அவன் சண்டையை அவன்தான் போட வேண்டும். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். கடைசியில் நீளமாக ஒரு மூச்சு வெளியே வந்தது. முகம் வெளுத்துத் தெளிந்தது. அடுத்த மூச்சு வரவில்லை.

"அணைச்சுட்டார்" என்றார் தலைவர். "முழு ஆளாப் போயிட்டார்."

"என்னை மன்னிச்சு அணைச்சானா?"

"அது அவருக்குத்தான் தெரியும்மா."

வாசலில் சந்தைக்காரர்கள் திரண்டிருந்தார்கள். யாருக்காக நின்று செத்தாரோ அவர்களிடம் வெறுங்கையரின் கடைசிச் சொல்லை ஓர் எழுத்து மாறாமல் உரக்கச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே குழி வெட்டுவார்கள். தலைவர் தயங்கினார். "குடும்பம் வேண்டாம்னு சொன்னா சொல்லமாட்டோம். ஆனா அப்புறம் உள்ள இடம் இல்ல."

தையல்காரர் அவள் காதருகே வந்தார். "அவன்தான் போயிட்டானே. இப்பவாவது உண்மையைச் சொல்லிடு. ஊர் காறித் துப்பும்."

"பொய்யில மூட்டின கோபம்னு தெரிஞ்சா வெளிய தூக்கிப் போட்டுடுவாங்க. நான் சாகறவரைக்கும் நீங்க வாயைத் திறக்கக் கூடாது."

அவள் முகத்தைத் துடைத்து, முடியை முடிந்துகொண்டு, எல்லாருக்கும் தெரிகிற இடத்தில் போய் நின்றாள். "சொல்லுங்க" என்றாள்.

"இவ என் அக்கா இல்ல" என்று தலைவர் உரக்கச் சொன்னார். கூட்டத்தில் பாதிப் பேர் அவள் தேய்த்துக் கொடுத்த சட்டை போட்டவர்கள். ஒவ்வொரு தலையாக அவள் பக்கம் திரும்பியது. முன்னால் நின்ற ஒரு பெண் தன் பிள்ளையை இழுத்துத் தள்ளி நிறுத்திக்கொண்டாள்.

வீங்கிப்போயிருந்த அவள் மணிக்கட்டைத் தையல்காரர் மெல்லப் பிடித்தார்.

"கையை விடுங்க" என்றாள் அவள், நேரே பார்த்தபடி. "எல்லாரும் பார்க்கறாங்க."