கீழ்த்தட்டில் மூன்று தொட்டிகள்

2023 டிசம்பர் 11, திங்கட்கிழமை. போர்ட் பிளேர் டாலிகஞ்சில் ஒரு மளிகைக் கடையின் கண்ணாடிக் கதவு ஃப்ரிட்ஜில், கீழ்த்தட்டிலிருந்த குளிர்பான பாட்டில்கள் எடுக்கப்பட்டு மூன்று பூந்தொட்டிகள் வைக்கப்பட்டன.

வைத்தவர் கடைக்காரர் அப்துல் ரஹ்மான். செடி மனைவி சம்சாத்துடையது. மெயின்லாண்டில், குன்னூரில் கட்டிக்கொடுத்த மகள் ஜஸ்னா, கல்யாணமான வருஷம் வந்தபோது வேரோடு ஈரத்துணியில் சுற்றி எடுத்து வந்தது. ஸ்பீட்வெல் என்று பெயர். அங்கே முழங்கால் உயரத்துக்கு நீலக் கதிர்களாகப் பூக்குமாம். ஒரு தடவை நட்டால் வருஷா வருஷம் தானே வருமாம். இங்கே இரண்டு வருஷமாக இலைதான் வந்தது. மழையில் அழுகிவிடாமலிருக்க சம்சாத் அதைத் தொட்டிகளில் பிரித்து வைத்து, தகரக் கூரைக்குக் கீழே நகர்த்தி, தினமும் காலையில் கடுகளவு மொட்டாவது தெரிகிறதா என்று இலைகளை விலக்கிப் பார்ப்பாள்.

"இதுக்கு போன இடம் பிடிக்கலைங்க," என்பாள்.

அவள் எதைச் சொல்கிறாள் என்று அவருக்குத் தெரியும். போனில் ஜஸ்னாவுக்கு டாலிகஞ்ச் வீடுதான் 'நம்ம வீடு'. குன்னூர் வீடு 'இவங்க வீடு'. இவங்க வீட்ல குளிரு தாங்கல உம்மா. இவங்க வீட்ல மீனே வாங்குறதில்ல. மாப்பிள்ளை தங்கமான பையன், குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்த 'இவங்க' மட்டும் போகவில்லை. போனை வைத்ததும் சம்சாத் நேரே தொட்டிகளிடம்தான் போவாள்.

சிப்பிகாட்டில் நாற்று விற்கும் தமிழரசிதான் விஷயத்தைச் சொன்னாள். "பாய், ரெண்டு மாசம் குளிர்ல தூங்கி எழுந்தாத்தான் இது பூக்கும். நம்ம ஊர்ல டிசம்பர்லயே ஃபேன் ஓடுது. அது எங்க தூங்கும்?"

அன்று மாலையே அவர் கீழ்த்தட்டைக் காலி செய்தார்.

ஆட்டோ ஓட்டும் அழகர்சாமி குனிந்து பார்த்தான். "என்ன பாய், கீரைக்கு ஏசியா? நானும் ஓரமா உட்காந்துக்கவா?"

"உன் தொப்பைக்கு ரெண்டு தட்டு வேணும்டா. தண்டா பாட்டிலெல்லாம் மேல் தட்டுல இருக்கு. எடுத்துட்டு ஜல்தி கதவ மூடு."

ஜனவரியில் ஒரு பகல் முழுக்கக் கரண்ட் இல்லை. அவர் ஸ்கூட்டரில் ஃபீனிக்ஸ் பே போய், மீன்காரர்களிடம் ஐஸ் வாங்கிச் சாக்கில் கட்டிக்கொண்டு வந்தார்.

"ஐஸ்கிரீமெல்லாம் உருகி ஓடுது. அத விட்டுட்டு இதுக்கா?" என்றாள் சம்சாத். பிறகு சாக்கின் மறுமுனையைப் பிடித்தாள்.

பிப்ரவரி நடுவில் தொட்டிகள் வெளியே வந்தன. ஒன்று அழுகியிருந்தது. மற்ற இரண்டில் காய்ந்த தண்டுகளுக்கு அடியில் துளிர் தெரிந்தது. ஏப்ரல் கடைசியில் அவற்றில் ஒன்றில், சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரே ஒரு கதிர், அடியிலிருந்து மேலாக நீலமாய் விரிந்தது.

கடையில் நின்றபடியே சம்சாத் வீடியோ காலில் காட்டினாள்.

"யா அல்லாஹ், பூத்துருச்சா!" ஜஸ்னா போனுக்கு வெகு அருகில் முகத்தைக் கொண்டு வந்தாள். "எங்க வீட்ல இன்னும் மொட்டே விடல உம்மா."

சர்க்கரை நிறுத்துக்கொண்டிருந்த அப்துல் ரஹ்மானின் கை நின்றது. சம்சாத் அவரைப் பார்த்தாள். ஜஸ்னா எதையும் கவனிக்காமல் பேசிக்கொண்டே போனாள்.

"பூத்ததுக்கப்புறம் தண்ணி குறைக்கணுமாடி?" என்று கேட்டாள் சம்சாத்.

"இருங்க, எங்க மாமிட்ட கேக்குறேன். மாமீ..."

கதிர் பதினொரு நாள் நின்றது.

2024 டிசம்பர் 9 அன்று, அதே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் இரண்டு தொட்டிகள் வைக்கப்பட்டன.